தனியாசிரியரும் தமிழ்க் கல்வியும்: 19-ஆம் நூற்றாண்டுச் சான்றுகள் சில

சென்னை மாகாணத்தின் ஆளுநராய் விளங்கிய தாமசு மன்றோ, தம் ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டங்களிலுள்ள பள்ளிகளையும் அவற்றிற் பயில்வோரையும் கணக்கெடுத்து அனுப்புமாறு 1822-ஆம் ஆண்டில் தண்டலாளர்களுக்கு ஆணையிட்டனர். அக்கணக்குகள் யாவும் வந்து சேர்ந்தபின், 1826 மார்ச்சு 10-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுமைக்கும் பள்ளிகளும் மேற்கல்விக் கழகங்களும் 12,498 என்றும், அவற்றிற் கற்போர் 1,88,650 பேர் என்றும் காணப்படுகின்றன. கல்வி வரலாறு எழுதுவோர் இவ்விரண்டு எண்களையும் பெரும்பாலும் தவறாமல் எடுத்தாள்வர். ஆயின் அக்குறிப்பிலேயே மற்றோர் எண்ணும் உண்டு. அதனை எடுத்தாள்வோர் சிலரே. சென்னை நகரில் மட்டும் பள்ளிக்குச் செல்லாமல் இல்லங்களிலே கற்பிக்கப்பட்டோர் 26,963 பேர் என்பதே அஃது. நகரப் பள்ளிகளிற் பயின்றோரினும் இத்தொகை ஐந்து மடங்கிற்கு மேற்பட்டது. மன்றோவே இதில் ஏதோ பிழையிருத்தல் கூடும் என்று ஐயுற்றனர். ஐயுற்றும், உறவினராலோ தனியாசிரியராலோ வீட்டில் வைத்துக் கற்பிக்கும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்று ஒப்புக்கொண்டு, அதனாலேயே கல்வி பெறும் ஆண்மக்களின் விகிதத்தை நான்கிலொன்று என்பதினின்றும் உயர்த்தி, மூன்றிலொன்றை அணுகுவதாக மதிப்பிட்டனர்.

ஆட்சியாளர் தம் மதிப்பீட்டையே மாற்றிக்கொள்ளும் அளவிற்குப் பெருகியிருந்த இத்தனியாசிரியர் யாவர்? எக்குடியிற் பிறந்தோர்? எதனைக் கொண்டு உயிர் வாழ்ந்தோர்? எவ்வாறு பாடஞ் சொன்னோர்? அரசாங்க ஏடுகள் இவ்வினாக்களுக்கு விடை தாரா. பள்ளிக்கூடம் என்பது எண்ணுதற்குரிய ஒரு பொருள். ஒரு வீட்டுத் திண்ணையிலோ, மடத்தின் முன்கட்டிலோ, ஆற்றங்கரைக்குச் செல்லும் வழியிலோ நிகழ்ந்த பாடம் எண்ணுக்குள் அடங்குவதன்று. ஆதலின் புலவர்களின் வாழ்க்கை வரலாறுகளையே யாம் துணையாகக் கொள்ளல் வேண்டும்.

அவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள பெருஞ்சான்று டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) எழுதியவையே. தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) வரலாற்றை அவர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டனர். தம் சரித்திரத்தை 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதினர். அது 1950-இல் நூலாயிற்று. இவ்விரண்டும் இல்லையாயின், 19-ஆம் நூற்றாண்டின் தமிழ்ப் பாடமுறை பற்றி யாம் அறிவன மிகச் சிலவாகவே இருந்திருக்கும். எனினும் ஓர் எச்சரிக்கை இங்கு வேண்டும். இவை நன்றியுள்ள மாணாக்கர் ஒருவர் எழுதியவை. அறுபது ஆண்டுகள் கழித்து, தாம் பெற்றதனையே முதன்மையாக நினைவு கூர்ந்து எழுதியவை. பெறாது திரும்பிச் சென்ற மாணாக்கர் எவரும் நூல் எழுதவில்லை. இதனை மறவாது படிப்பின், அவற்றுள் ஐயர் வலியுறுத்தாது சொல்லிச் செல்லும் செய்திகளே நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவனவாகக் காண்கிறோம்.

பிள்ளையவர்களை அடைவதற்கு முன் சாமிநாதையர் பாடங் கேட்ட ஆசிரியர்களையே முதலிற் கருதுவோம். உத்தமதானபுரத்தில் எழுத்தும் எண்ணும் கற்பித்த பள்ளியாசிரியர் ஒருபுறம் இருக்க, தமிழ்ச்சுவையை முதன்முதல் ஊட்டியவர் அரியிலூர்ச் சடகோபையங்கார். அவர் வைணவர், இசைவல்லவர், கீர்த்தனங்கள் இயற்றியவர். கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தனர். செங்கணத்து விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை பாடஞ் சொன்னார். அவர் நிலபுலம் உடைய செல்வர். இவருள் எவரும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டு ஊதியம் வாங்கியவராகத் தெரியவில்லை. ஒருவர் பாடகர், ஒருவர் வேளாண்மைச் செல்வர். கற்றவர் என்று ஊரார் அறிந்திருந்தனர். ஆதலின் கற்க விரும்பினோர் அவர்பாற் சென்றனர். அவ்வளவே. ‘தனியாசிரியர்’ என்று இன்று யாம் கூறும்போது ஒரு தொழிலைக் கருதுகிறோம். அக்காலத்தில் அஃது ஒருவரது கல்வியைப் பற்றி ஊர் கொண்டிருந்த மதிப்பின் பெயராக இருந்தது.

மேலும், ஒவ்வோர் ஆசிரியரிடத்தும் ஒரு நூலோ இரண்டு நூலோதான் கிடைத்தன. நன்னூல் ஓரூரில், காரிகை மற்றோரூரில். சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர், மகனுடைய தமிழ்க் கல்வியின்பொருட்டே ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தனர். இன்றைய மாணாக்கர்க்குப் பாடத்திட்டம் என்பது ஓர் அச்சிட்ட தாள். அன்றைய மாணாக்கர்க்கு அது நடந்து கடக்க வேண்டிய நிலப்பரப்பு. தாம் கற்பிக்கக் கூடியதனைக் கற்பித்து முடித்தபின், இனி இவரிடத்துச் செல்க என்று மேலான ஒருவரைக் காட்டிவிடுவதும் ஆசிரியர் கடமையாகக் கருதப்பட்டது. விருத்தாசல ரெட்டியார் அவ்வாறே மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைக் கூறி அனுப்பினர். தம் எல்லையைத் தாமே அறிந்து சொல்லும் இப்பண்பு, கற்பித்தல் முறைகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணத்தக்கது.

பிள்ளையவர்கள் தாம் கற்ற முறையோ இதனினும் கடியது. அவர் தந்தையார் சிதம்பரம் பிள்ளை. மதுரைக் கோயிற் பணி பார்த்த மரபினர். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வாழ்ந்தவர். அவரே மகனுக்கு முதலாசிரியர். தந்தையார் மறைந்தபின் பிள்ளையவர்கள் திரிசிரபுரத்தை அடைந்து, எவரிடத்து எந்நூல் உண்டோ அவரிடத்து அந்நூலைப் பெறுவது என்னும் நெறியை மேற்கொண்டனர். வேலாயுத முனிவர் முதலியோரிடம் கற்றது அங்கே. சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் ஆகியோரை அடுத்துத் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டது பின்பு. இவற்றிடையே தண்டியலங்காரம் கற்ற வரலாறு ஒன்று உண்டு. அந்நூலைப் பாடஞ் சொல்வார் அப்பக்கத்தில் இல்லை. தெருவிற் பிச்சையேற்றுத் திரியும் பரதேசி ஒருவர் அதனை முறையாகக் கற்றவர் என்று பிள்ளையவர்கள் கேள்வியுற்றனர். உடனே அவரைத் தொடர்ந்து திரிந்து, அவர் விரும்பியவற்றையெல்லாம் வாங்கிக் கொடுத்து, அவர் உளம் நெகிழ்ந்த வேளைகளில் நூற்பொருளைக் கேட்டுக்கொண்டனர். அவர் விரும்பியவற்றுட் கஞ்சாவும் ஒன்று என்பதனை மறையாது எழுதிய சாமிநாதையரின் நேர்மை போற்றற்குரியது.

இவ்வரலாற்றைக் குருபத்திக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் பலர். யாம் இதனை வேறொன்றற்குச் சான்றாகக் கொள்வோம். அணியிலக்கணம் போன்றதொரு நூலின் மரபுவழிப் பொருள், ஒரு காலத்தில், ஒரு வட்டாரம் முழுமைக்கும், வீடும் வாசலும் இல்லாத ஒருவரது நினைவில் மட்டும் தங்கியிருந்தது. அவர் வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்நூலும் உடன் போயிருக்கும். தனியாசிரியர் கல்வியின் ஆற்றலும் அதன் அச்சந்தரும் மெலிவும் இவ்வொரு நிகழ்ச்சியில் ஒருங்கே புலனாகின்றன.

இனிப் பிள்ளையவர்கள் பாடஞ் சொன்ன முறையைக் காண்போம். 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் அவரை வந்தடைந்த சாமிநாதையர்க்குப் பாடம் உடனே அவர் வாயிலாகக் கிடைத்துவிடவில்லை. உடனுறையும் மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் கேட்குமாறு பணிக்கப்பட்டனர். சவேரிநாத பிள்ளை கிறித்தவர். சைவப் பெரும்புலவர் ஒருவரின் இல்லத்தில், கிறித்தவ மாணாக்கர் ஒருவர், புதிதாக வந்த அந்தண இளைஞர்க்குப் பாடஞ் சொன்னார் என்பது, அக்காலத்தைப் பற்றி யாம் எளிதிற் கொண்டுவிடும் கருத்துக்கள் சிலவற்றைத் தடுத்து நிறுத்தவல்லது. உணவு கொள்ளுமிடம் மட்டும் சாதி முறைப்படி வேறாகவே இருந்தது. பாடத்தில் ஒன்றும் பந்தியில் வேறுமாக அக்கல்வி நடந்தது என்க.

மூத்தோர் இளையோர்க்குச் சொல்லும் இம்முறை திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தோடு ஒத்தது. 1789-ஐ அடுத்து எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளியில் இதனை மேற்கொண்ட ஆண்ட்ரு பெல், இங்கிலாந்திற்குக் கொண்டு சென்று ‘சென்னை முறை’ என்று பரப்பினர். பெரும்புலவர் வீட்டில் இம்முறைக்கு வேறொரு பயனும் இருந்தது. வந்தவன் நிலைப்பவனா என்று ஆசிரியர் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ள இஃது இடந்தந்தது.

ஆசிரியரிடமே நேரிற் பாடங் கேட்கச் சாமிநாதையர் கண்ட வழி யாவரும் அறிந்ததே. பிள்ளையவர்கள் மரஞ்செடிகளிடத்து மிக்க விருப்புடையவர். தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வைத்து, அவை தளிர்ப்பதை விடியலிற் சென்று தேடிப் பார்த்து மகிழ்பவர். இளைஞர் அவர்க்கு முன்னரே எழுந்து எந்தக் கிளையில் தளிர் தோன்றியுள்ளது என்று பார்த்துவைத்து, அவர் வரும்போது காட்டலாயினர். சில நாட்களில் ஆசிரியர் தாமே பாடந் தொடங்கினர். தொடங்கிய நூல் அவர் இயற்றிய திருக்குடந்தைத் திரிபந்தாதி. இனியதொரு கதையாக இது வழங்கிவருகிறது. எனினும் இதன் மறுபக்கத்தையும் யாம் நோக்குதல் வேண்டும். ஆசிரியர் மனநிலையை அறிந்து அதற்கேற்ப நடக்கும் திறன் இல்லாத மாணாக்கன், எத்துணைக் கூரிய அறிவினனாயினும், இத்தோட்டத்தின் வாயிலிலேயே நின்றிருப்பான். விதியென்று ஒன்று எழுதப்படாத கல்வியில் உளப்பாங்கே விதியாகிவிடுகிறது.

பாடம் தொடங்கியபின் அதன் வேகம் பெரிது. சடகோபையங்கார் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு அதனையே பலபடியாக விரித்துச் சுவைபட நெடிது உரைப்பவர். பிள்ளையவர்களோ இன்றியமையாதவற்றைச் சொல்லி மேலே செல்பவர். ஒரே நாளிற் பல செய்யுட்கள் நிறைவேறும். ஒரு பிரபந்தம் முடிந்தால் அடுத்தது. அந்தாதியின்மேல் அந்தாதி, பிள்ளைத்தமிழின்மேற் பிள்ளைத்தமிழ். முன்னது சுவை அறிவிக்கும் முறை. பின்னது மொழியை மாணாக்கன் உள்ளத்துள் நிரப்பும் முறை. யமகமும் திரிபும் நிறைந்த அந்தாதிகளை இன்று வெறுஞ்சொல் விளையாட்டு என்று தள்ளுவோர் உளர். அவை கற்பித்தற் கருவிகளாகப் பயன்பட்டமையை அவர் கருதுவதில்லை. ஒரே எழுத்துக்கோவையை நால்வேறு வகையாகப் பிரித்துப் பொருள் காணப் பழகிய ஒருவன், புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதப்பட்ட பழஞ்சுவடியைப் பிரித்துப் படிக்கும்போது தடுமாறான். பிற்காலத்திற் சாமிநாதையர் ஏடுகளினின்று பாடங்கண்ட திறனுக்கு இந்தத் திரிபந்தாதிப் பயிற்சி அடிப்படையாயிற்று என்பது எம் துணிபு.

மற்றொரு பயிற்சி ஏடெழுதுதல். பிள்ளையவர்கள் 20-க்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியவர். அவற்றை அவர் தாம் எழுதுவதில்லை. சொல்லிச் செல்வர், மாணாக்கர் ஒருவர் ஓலையில் எழுதிச் செல்வர். எழுத்தாணி பிடித்த மாணாக்கன் செய்யுள் தோன்றும் போதே உடனிருந்தான். ஒரு சொல்லை வைத்து மாற்றுவது, எதுகை வந்து அமைவது, நாட்டுப்படலத்தில் வருணனை வளர்வது ஆகியவற்றையெல்லாம் நேரிற் கண்டான். செய்யுள் இயற்றக் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த வகுப்பு இருத்தல் அரிது. கூலியின்றி எழுத்துவேலை நடந்தது என்பதும் உண்மையே.

அவர் விலக்கியவற்றையும் கூறுதல் வேண்டும். மாயூரத்திற் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயிலத் தொடங்கினர். இசையிற் சென்ற உள்ளம் இலக்கண இலக்கியங்களில் ஊன்றாது என்று கருதிய பிள்ளையவர்கள் அதனை விரும்பவில்லை, பயிற்சி நின்றது. இசைப்புலவர் மகனாகப் பிறந்து, இசைவல்ல ஆசிரியரால் தமிழுக்கு ஈர்க்கப்பட்ட ஒருவர் இசையைக் கைவிடல் நேர்ந்தது. தமிழ்ப் புலமையினின்றும் இசை பிரிந்து நின்ற வரலாற்றில் இதுவும் ஒரு சிறு பக்கம்.

இக்கல்விக்குக் கட்டணம் இல்லை. பிள்ளையவர்கள் மாணாக்கரிடம் பொருள் பெற்றதில்லை என்பதோடு, பலர்க்கு உணவும் அவரே அளித்தனர். அப்பொருள் எங்கிருந்து வந்தது? திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும், தலபுராணம் பாடுவித்த ஊரார் அளித்த பரிசிலும், செல்வர் கொடையுமே வருவாய். அது நிலையில்லாதது, இறுதிக்காலத்தில் அவர் கடனாளியாகவே இருந்தனர். கற்பிப்பதற்குப் பணம் வாங்காத ஆசிரியர், பாடுவதற்குப் பணம் பெற்றுக் கற்பித்தனர் என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். ஆகவே அவர் எதனைப் பாடினார் என்பதனைப் புரவலரும், எதனைக் கற்பித்தார் என்பதனைப் பெரிதும் அவர் பாடியனவும் உறுதி செய்தன.

இவ்வேற்பாட்டின் விளைவு ஒன்று இலக்கிய வரலாற்று மாணாக்கர் அனைவரும் அறிய வேண்டுவது. பெங்களூரில் வாழ்ந்த செல்வராகிய வல்லூர்த் தேவராச பிள்ளை, பிள்ளையவர்களை அங்கு வருவித்துப் பாடங் கேட்டனர். செல்வர் வீட்டில் தங்கிக் கற்பித்த தனியாசிரியராக அவரை யாம் காண்பது இங்கேதான். பாடம் முடிந்தபின் தேவராச பிள்ளை பெரும்பொருள் அளித்தனர். அக்காலத்திலே குசேலோபாக்கியானம் தோன்றித் தேவராச பிள்ளை பெயரால் வெளிவந்தது. அதனை இயற்றியவர் பிள்ளையவர்களே என்று சாமிநாதையர் பிற்காலத்தில் எழுதினர். ஆயினும் நூற்பட்டியல்கள் பல இன்றும் தேவராச பிள்ளை பெயரையே காட்டுகின்றன. இதனைத் திருட்டு என்றல் பொருந்தாது. ஆசிரியரே மனமுவந்து அளித்தார். தட்சிணை என்னும் சொல் மாணாக்கன் ஆசிரியர்க்குத் தருவதனைக் குறிக்கும். இங்கு ஆசிரியர் மாணாக்கர்க்குத் தந்தது ஒரு காப்பியம். 19-ஆம் நூற்றாண்டில் இவ்வாறு பெயர் மாறிய நூல்கள் இன்னும் எத்தனையோ! செல்வர் பெயரால் அச்சான ஒரு பிரபந்தத்தைக் காணும்போது, அச்செல்வர்க்குப் பாடஞ் சொன்னவர் யார் என்று கேட்கும் வழக்கத்தை ஆராய்ச்சியாளர் மேற்கொள்வாராக.

புரவலர் மாறினால் நூல்வகையும் மாறும் என்பதற்கு அதே நூற்றாண்டின் மற்றொரு வகையாசிரியர் சான்றாவர். அவர்தாம் ஐரோப்பியர்க்குத் தமிழ் கற்பித்த முனிசீகள். இதன் தொடக்கம் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்பாரிடத்திலே காணப்படும். அவர் முதிய பள்ளியாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே பிள்ளைகளோடு வருவித்து, அச்சிறுவரிடையே அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றனர். கற்பிக்கும் முறையை ஆசிரியர் மாற்றவில்லை. வளர்ந்த மனிதர் சிறுவராகினர். 1812-இல் எல்லீசர் முயற்சியாற் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றியபின் நிலைமை வேறாயிற்று. அங்கே தமிழ்ப்புலவர்க்கு மாதச் சம்பளம் உண்டு. கற்போர் ஆட்சி செய்ய வந்த இளைஞர். அவர்க்குத் திரிபந்தாதி வேண்டா, மனுக்களைப் படித்தறியும் திறன் வேண்டும். ஆதலின் அச்சங்கத்துப் புலவராகிய தாண்டவராய முதலியார் 1826-இற் பஞ்சதந்திரக் கதையை உரைநடையில் வெளியிட்டனர். முகவை இராமானுச கவிராயரிடம் போப்பையர் போன்ற பாதிரிமார் தமிழ் கற்றனர். ஆதீனத்தைச் சார்ந்த தனியாசிரியர் தலபுராணம் பெருக்கினர். அயலார்க்குக் கற்பித்த தனியாசிரியர் உரைநடை வளர்த்தனர். தமிழ் உரைநடை வரலாற்றை அச்சு இயந்திரத்தினின்று தொடங்குவோர் இந்த முனிசீயின் தேவையையும் சேர்த்து எண்ணுவது நலம்.

பிள்ளையவர்கள் கல்வியில் இல்லாதது யாது என்பது அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் வெளிப்பட்டது. 1880 அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றனர். என்ன படித்திருக்கிறீர் என்று வினவிய முதலியார்க்கு, அந்தாதிகளும் கலம்பகங்களும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் புராணங்களுமாக ஒரு நீண்ட பட்டியலை அவர் கூறினர். இவ்வளவு படித்தவரென்று எவரும் வியக்கத்தக்க பட்டியல் அது. முதலியார் வியக்கவில்லை, சிந்தாமணி உண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்டனர். அவை ஒன்றும் பாடத்தில் வந்தவையல்ல. ஆறு மாவட்டங்களில் தேடினும் பாடஞ் சொல்வார் இல்லாத நூல்கள் அவை. ஆசிரியர் வாயினின்று மாணாக்கர் செவிக்குச் செல்லும் கல்வியில், ஒரு தலைமுறை ஒரு நூலை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்நூல் பெயரளவாகிவிடும். சீவக சிந்தாமணியை யாரிடமும் பாடங் கேளாமல், ஏடுகளை ஒப்புநோக்கியும் சமணரைக் கேட்டும் ஆராய்ந்து, 1887-இற் சாமிநாதையர் பதிப்பித்தனர். அதன்பின் பாடங் கேளாமலே பொருள் காணும் நெறி தமிழில் நிலைபெற்றது.

ஆகவே பிள்ளையவர்கள் கல்வி குறையுடையது என்று சிலர் முடிவு கட்டினர். இம்முடிவு முழுதும் ஏற்கத்தக்கதன்று. அவர் கொடுக்காதது சங்க நூல்; கொடுத்தது சங்க நூலைத் திறக்கும் பயிற்சி. எனினும் இரண்டும் ஒன்றாகா. இராமசாமி முதலியார் ஒருவர் அவ்வினாவை எழுப்பியிராவிடில் அப்பயிற்சி மேலும் சில தலபுராணங்களாகவே முடிந்திருக்கவும் கூடும்.

மன்றோவின் கணக்கிற்கு மீண்டும் வருவோம். சென்னையில் வீட்டிற் கற்ற 26,963 பேரில் ஆண்மக்கள் 26,446, பெண்மக்கள் 517. தரம்பால் 1983-இல் வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் இவர்தம் பிரிவுகளும் காணப்படும். அந்தணச் சிறுவர் 7,586. அவ்வேடு ‘சூத்திரர்’ என்று குறிக்கும் வகுப்பினர் 7,589. இவற்றுட் சேராத பிற சாதிச் சிறுவர் 3,449, அச்சாதிகளின் பெண்மக்கள் 136. இவ்வெண்கள் ஐயத்திற்கு உரியவை என்பதனை மேலே கூறினோம். பாதியே மெய்யாயினும், பள்ளிக்குள் நுழைய இயலாத குடிகளிலும் வீட்டில் வைத்துக் கற்பித்த ஆசிரியர் இருந்தனர் என்பது அவற்றாற் பெறப்படும். சாமிநாதையரின் நூல்களில் இவ்வாசிரியரை யாம் காணவில்லை. காண்பதற்கு வேறோர் இடம் உண்டு. 1845-இற் பிறந்து 1914-இல் மறைந்த அயோத்திதாச பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவர்க்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயர். மாணாக்கர் அதனையே தமக்குச் சூடிக்கொண்டனர். தம் பாட்டனார் கந்தப்பன் என்பார் வழியாகவே திருக்குறட் சுவடி எல்லீசர் கையை அடைந்தது என்றும் பண்டிதர் எழுதியுள்ளார். மாணாக்கர் பெயராலன்றி அறியப்படாத அந்த ஆசிரியரைப் போன்றோர் எத்தனை பேர், எம்முறையிற் பாடஞ் சொன்னார் என்பது தனியே ஆராயத்தக்க பொருள். மருத்துவச் சுவடிகளின் முகப்பிலும் இறுதியிலும் காணப்படும் குருவணக்கங்களைத் தொகுக்கும் மாணாக்கர்க்கு இதில் நிறைந்த பயன் கிட்டும்.

தனியாசிரியரும் கல்லூரியும் சந்தித்த இடமாகக் கும்பகோணம் அரசினர் கல்லூரியைக் கூறலாம். அங்கே தமிழ்ப் பண்டிதராய் இருந்த தியாகராச செட்டியார் (1826–1888), திரிசிரபுரத்திற் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டவர். மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் பாடத்தை, மணியே இல்லாத வீட்டிற் கற்ற ஒருவர் நடத்தினர். பிள்ளையவர்கள் எவரையும் கடிந்து பேசாதவர்; செட்டியாரோ கண்டிப்பிற்குப் பெயர் பெற்றவர். இம்மாற்றத்தை இயல்பின் வேறுபாடென்று மட்டும் கொள்ளல் வேண்டா. தளிர் பார்த்துப் பாடம் பெற்ற மாணாக்கன் தானே வந்தவன். கல்லூரி மாணாக்கன் தேர்வின்பொருட்டு அனுப்பப்பட்டவன். ஓய்வு பெறும்போது செட்டியார் தம் ஆசிரியரின் மாணாக்கராகிய சாமிநாதையரையே அவ்விடத்திற்குக் கொணர்ந்தனர். 1880 பிப்பிரவரியில் அவர் பணியேற்றனர். சம்பளம் மாதம் 50 ரூபாய். அதற்கு முன் அவர் கற்ற கல்விக்கு விலை குறிக்கப்பட்டதில்லை.

சாமிநாதையர் 1903-இற் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-இல் ஓய்வு பெற்றனர். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயர். ஓய்வுக்குப்பின் அவ்வீட்டில் அவரை அடுத்துப் பாடங் கேட்டும், அவர் சொல்லச் சொல்ல எழுதியும் உடனிருந்தவர்களுள் ஒருவர் கி. வா. ஜகந்நாதன் (1906–1988). அவர் எழுதியது ஓலையில் அன்று, தாளில்.